நாற்பது மொட்டையும் ஒரு எசமானும்

மனேஸ் பிரிகியா நாட்டில் பிறந்தவன். எந்த ஊர் என்று கேட்டால் நாளுக்கொரு ஊர் சொல்வான். கேட்கிறவன் எந்த ஊரைப் பெரிதாக நினைக்கிறானோ அதுதான் அன்றைக்கு அவன் பிறந்த ஊர். கடல் கொள்ளைக்காரர்கள் பிடித்து, டெலோஸ் தீவின் அடிமைச் சந்தையில் விற்று, கைமாறிக் கைமாறி சிசிலிக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபது வயது. வாங்கினவர் பிலீனஸ். ஹென்னா மலைக்குத் தெற்கே இரண்டு சரிவு நிறைய ஆடு வைத்திருந்த பெரிய மனுஷர். ஆட்டுக்கு மயிர் வெட்டத்தான் மனேஸை வாங்கினார். இரண்டாம் நாள் அவன் கையில் கத்தரி போகிற போக்கைப் பார்த்துவிட்டு, "இவன் என் தலைக்கு ஆவான்" என்று முடிவு பண்ணிவிட்டார். அதிலிருந்து பதினாறு வருஷம் காலையில் எசமான் தலை, மத்தியானம் கிடா. இரண்டுக்கும் ஒரே கத்தரிதான் என்பது மனேஸுக்கும் கிடாவுக்கும் மட்டும் தெரியும்.

பிலீனஸின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உச்சியில் ஒன்றும் கிடையாது. இடது காதுக்கு மேலே நீளமாக வளர்த்து, அதை வலது காதுவரை இழுத்துப் போர்த்தி, காய்ச்சிய இரும்புக் குழலில் சுருட்டி, எண்ணெயும் குங்குமப்பூவும் தடவி நிற்க வைக்க வேண்டும். ஒரு ஆடு குட்டி போடுகிற நேரம் பிடிக்கும். காற்றடிக்கும் நாளில் அவர் வெளியே போகமாட்டார். இப்படிப்பட்டவருக்கு ஊரில் 'அழகுமுடிக்காரர்' என்று பெயர் வேறு.

மனேஸின் பெண்டாட்டி ஆமியா, அடுக்களை வேலைக்காரி. அடிமைக்குக் கல்யாணம் ஏது? எசமான் ஒருநாள் நல்ல மூடில், "சரி, ரெண்டு பேரும் ஒரே மூலையில் படுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதுதான் முகூர்த்தம், அதுதான் சீர்வரிசை.

மேய்ப்பர்கள் முதலில் நாற்பத்திரண்டு பேர். நெற்றியில் சூடு போட்ட நாற்பத்திரண்டு பேர். அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் கோத்திஸ் என்கிற திரேசியன். வாட்டசாட்டமான ஆள், பேச்சு குறைவு. ஒரு பனிக்காலத்தில் அவன்தான் எசமானிடம் போய், ஆளுக்கொரு கம்பளி கேட்டான். வெட்டியது இவர்கள், அடித்தது இவர்கள், மூட்டை கட்டியது இவர்கள். பிலீனஸ் சுருட்டிய முடி கலையாமல் தலையைத் திருப்பி, "ஆடு என்னத்தைப் போத்திக்கிட்டுத் தூங்குது? அதைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்றார். அந்தப் பனியில் இரண்டு பேர் செத்துப்போய், நாற்பது பேர் மிஞ்சினார்கள். ஆடு ஒன்றும் சாகவில்லை என்று எசமானுக்கு சந்தோஷம்.

இப்படி இருக்கும்போதுதான் ஹென்னாவில் அடிமைகள் ஊரையே பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அங்கே ஒரு அரசன் முளைத்திருக்கிறான், வாயிலிருந்து நெருப்பு ஊதுகிறான் என்றார்கள். வாயில் நெருப்போ வெங்காயமோ, எசமான்கள் ஓடுகிறார்கள் என்பது மட்டும் நிஜம். மூன்றாம் நாள் காலை கோத்திஸ் மற்ற முப்பத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு, கையில் கழியோடு சரிவிறங்கி வந்தான். சவுக்கோடு அவர்களை வேலை வாங்கின மேஸ்திரி, மாவுக்கல் சுற்றும் கழுதை மேல் ஏறிப் போனவன், திரும்பவே இல்லை.

எசமான் அந்த நேரம் நாற்காலியில் இருந்தார். இடது பக்கம் சுருட்டியாகிவிட்டது, வலது பக்கம் பாக்கி. மனேஸ் கையில் சூடான குழல். கதவை உதைத்துக்கொண்டு நாற்பது பேர் உள்ளே வந்து நின்றார்கள்.

"மனேஸ், இவங்களை வெளியே போகச் சொல்லுடா!"

மனேஸ் கோத்திஸைப் பார்த்தான், எசமானைப் பார்த்தான், கையிலிருந்த குழலைப் பார்த்தான். "அண்ணே, பாதி ஆயிருச்சு. மிச்சத்தையும் முடிச்சுக் கொடுத்துடவா, இல்ல இப்படியே எடுத்துட்டுப் போறீங்களா?"

"இப்படியே போதும்" என்றான் கோத்திஸ்.

எசமானை என்ன செய்வது என்று முற்றத்தில் பெரிய வாக்குவாதம். கொல்லலாம் என்றார்கள் பாதிப் பேர். எப்படிக் கொல்வது என்பதில் அந்தப் பாதிக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆமியா அடுக்களை வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நாப்பது பேருக்கும் பசிக்கும். கழுதையை அந்த மேஸ்திரி ஓட்டிட்டுப் போயிட்டான். மாவு யாருய்யா அரைக்கிறது?"

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பிலீனஸைக் கொண்டுபோய் மாவுக்கல்லில் பூட்டினார்கள். முதல் நாள் மாவு கரடுமுரடாக இருந்தது. நாலாம் நாளிலிருந்து நல்ல மாவு. "பழைய கழுதையை விட இது தேவலை, நின்னு நின்னு போகல" என்று ஆமியா பாராட்டியதை அவர் ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கழுதைக்குக் கட்டுகிற மாதிரி கண்ணைக் கட்டவில்லை என்பது மட்டும்தான் அவருக்குக் காட்டிய மரியாதை.

கிடங்கைத் திறந்தார்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள், வெயில் கொளுத்துகிற மாசத்தில். பாலாடைக்கட்டியும் அத்திப்பழமும் திராட்சை மதுவும் வயிறு முட்டத் தின்று குடித்தார்கள். ஆனாலும் கோத்திஸ் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனேஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னண்ணே, வயித்து வலியா?"

"இல்லடா. விடுதலைன்னா எசமான் அதிகாரி முன்னாடி கூட்டிட்டுப் போவான். தலையை மொட்டை அடிப்பாங்க, கம்பளித் தொப்பி வைப்பாங்க. ஊரே பாக்கும். நமக்கு அப்படி ஒண்ணும் நடக்கலையே. திருடித் தின்ன மாதிரியே இருக்கு."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மொட்டை போடாமல் விடுதலை எப்படிச் செல்லும்? மனேஸுக்கு சந்தோஷத்தில் மனசு குளிர்ந்துபோயிற்று. பதினாறு வருஷத்தில் அவன் கையால் விடுதலை மொட்டை போட்டது மூன்றே தலைக்கு. மூன்றும் பக்கத்து எசமான்களின் கிழட்டு அடிமைகள், சோறு போட்டுக் கட்டாது என்று விட்டவை. இப்போது நாற்பது தலை வரிசையில் நிற்கிறது, அத்தனையும் அவன் கைக்கு. இரண்டு நாள் சிரைத்தான். ஒவ்வொருவனையும் எசமானின் நாற்காலியிலேயே உட்காரவைத்து, எசமானின் குங்குமப்பூ எண்ணெயையே தடவி, "போடா, இனி உனக்கு நீதான் எசமான்" என்று பிடரியில் ஒரு தட்டு தட்டி அனுப்பினான். கோத்திஸ் தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துவிட்டு, அத்தனை பெரிய உடம்பு குலுங்க அழுதான்.

கடைசியில் மனேஸுக்கு மொட்டை போட ஆள் இல்லை. ஆமியா கத்தியை வாங்கினாள். ஏழு இடத்தில் வெட்டினாள். "ஆடாதேய்யா, வெங்காயம்னா இந்நேரம் உரிச்சிருப்பேன்" என்றாள். ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த மனேஸுக்கு அந்தச் சமயத்தில் இருந்த சந்தோஷம் அவன் வாழ்க்கையில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

பத்தாம் நாள் மத்தியானம், மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு ஆட்டிடையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ரோமானியப் படை அங்கே வந்துவிட்டது. விசாரணை, சாட்சி எதுவும் கிடையாது. தொப்பியைக் கழற்று என்பார்கள். அடிமை நெற்றியில் சூடு இருந்து தலை மொட்டையாக இருந்தால், தானே விடுதலை எடுத்துக்கொண்டவன் என்று நேரே சிலுவை மரம். பாதையோரம் இருபத்தாறு மரம் நட்டாகிவிட்டது. இங்கே வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

நாற்பது கையும் ஒரே நேரத்தில் நாற்பது தலைக்குப் போயிற்று.

ஹென்னாவுக்கு ஓடலாம் என்றால் பாதையைப் படை மறித்திருக்கிறது. மலையில் ஒளியலாம் என்றால் கோடை, தண்ணீர் இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, அது ஊருக்கே தெரியும். ஒருத்தன் பைன்மரக் கீல் பூசி ஆட்டு மயிரை ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடு மாதிரி இருந்தான், கிட்டத்தில் பார்த்தால் செத்த ஆடு. ஈ மொய்த்து, கீல் உருகிக் கண்ணில் இறங்கி, அதைச் சுரண்டி எடுக்க மனேஸுக்கு அரைநாள் ஆயிற்று.

சுரண்டிக்கொண்டே மனேஸ் நாளை எண்ணிப் பார்த்தான். முடி மூன்று நாளில் முளைக்காது. அதை அவனை விட நன்றாகத் தெரிந்தவன் சிசிலியில் எவனும் இல்லை. நாற்பது பேருக்கும் மரத்துக்கான அடையாளத்தைப் போட்டுக் கொடுத்தது அவன் கை. ஆசை ஆசையாக, தட்டித் தட்டிப் போட்டுக் கொடுத்தது. அன்றைக்கு ஆமியா வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் மாவுக்கல்லடிக்குப் போனான். பிலீனஸ் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்த்தின முடி எல்லாம் இடது தோளில் தொங்கியது. செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது, முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"வரட்டும்டா, வரட்டும். ஒருத்தனையும் விடமாட்டேன். உன்னைக் கடைசியா ஏத்தச் சொல்லுவேன், எல்லாத்தையும் பாத்துட்டு சாவு."

"ஏத்துங்க எசமான். நியாயம்தான்." மனேஸ் எதிரில் குந்தினான். "ஆனா அந்தப் படைத் தலைவன் கேப்பானே, இத்தனை நாள் நீங்க எங்க இருந்தீங்கன்னு."

பிலீனஸ் மாவுக்கல்லைப் பார்த்தார்.

"சிலுவையில ஏறினா உடனே உயிர் போகாதாம் எசமான். ரெண்டு நாள் மூணு நாள் தொங்கணும். நாப்பது பேரு, ரோட்டோரமா, பொழுது போகணும்ல? போற வர்ற ஆளையெல்லாம் கூப்பிட்டுக் கதை சொல்லுவாங்க. சைரக்யூஸ் வரைக்கும் போயிரும். அழகுமுடிக்காரர் நல்ல மாவு அரைப்பாராம்னு."

"வாயை மூடு."

"நான் மூடிருவேன். நாப்பது வாயை எப்படி மூடுறது? அப்புறம் இன்னொண்ணு. ஆடெல்லாம் பால் கட்டி நிக்குது. நாப்பது பேரும் மரத்துல இருந்தா யாரு கறக்குறது, நீங்களா? பழக்கம் இல்லாத வேலை, மாவு மாதிரி நாலு நாள்ல வந்துராது."

எசமான் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, "என்னடா சொல்ல வர்றே?" என்றார். குரலில் பாதி செத்திருந்தது.

"இங்க ஒண்ணுமே நடக்கல, எசமான். போன மாசம் நீங்க சைரக்யூஸ்லேர்ந்து படகுல வந்தீங்க. புயல்ல மாட்டுனீங்க. உயிர் பொழைச்சா மொட்டை போடுறேன்னு தெய்வத்துக்கு வேண்டிக்கிட்டீங்க. கப்பல் உடைஞ்சு தப்பிச்சவன் எல்லாம் செய்யறதுதானே. எசமான் பொழைச்ச சந்தோஷத்துல பண்ணையே மொட்டை போட்டுக்கிச்சு."

"புயலே அடிக்கலையேடா."

"வாந்தி எடுத்தீங்கல்ல? அது போதும்."

பிலீனஸ் யோசித்தார். மெல்லத்தான் அவருக்கு உறைத்தது. கை தன்னால் இடது தோளுக்குப் போய்த் தொங்கிய முடியைப் பிடித்துக்கொண்டது. "என் தலையையுமா?"

"உங்க தலை இல்லாம இந்தக் கதை நிக்காது எசமான்."

"மாட்டேன்! வேற என்ன வேணாலும் கேளு!"

கம்பளியைக் கொடு என்றான் மனேஸ், கொடுத்தார். சவுக்கை அடுப்பில் போடு என்றான், சரி என்றார். மேஸ்திரி வேண்டாம், கோத்திஸே பார்த்துக்கொள்ளட்டும் என்றான், அதற்கும் தலையாட்டினார். முடிக்கு மட்டும் அழுதார். நிஜமாகவே, மூக்கு ஒழுக அழுதார். மனேஸுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது, ஆனால் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தவில்லை. பதினாறு வருஷமாகச் சுருட்டி நிறுத்திய முடி ஐந்தே இழுப்பில் போயிற்று. உள்ளே இருந்த தலை உரித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருந்தது.

ஆனால் பெரிய தகராறு எசமானோடு இல்லை, கோத்திஸோடு. கதையைக் கேட்டதும் அவன் கழியைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"மறுபடியும் அவன் ஆளுன்னு என் வாயால சொல்லணுமா? அதுக்கு மரமே மேல்."

"உனக்கு மேல்ணே. மத்த முப்பத்தொம்பது பேருக்கு? ஒருத்தன் மாத்திச் சொன்னா எல்லாரும் தொங்கணும்." மனேஸ் அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "மூணே சொல்லு. 'பிலீனஸ் எசமான் ஆளு.' வாயில சொல்லு, மனசுல வேற எதையாவது நெனச்சுக்கோ. ஆட்டை நெனச்சுக்கோ. அவனை ஆடுன்னு நெனச்சுக்கோ!"

பிறகு ஒரு நாள் முழுக்க நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்திப் பாடம் நடந்தது. "யார் ஆளுடா?" "பிலீனஸ் எசமான் ஆளு." "சத்தமா!" "பிலீனஸ் எசமான் ஆளு!" "சிரிக்காம சொல்லுடா, நாயே!" கோத்திஸ் கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தரம் சொன்னான். போதும் என்று மனேஸ் விட்டுவிட்டான்.

மறுநாள் முற்பகலில் படை வந்தது. எண்பது சிப்பாய்கள். தலைவன் பெயர் டில்லியஸ். குதிரையிலிருந்து இறங்கும்போதே அலுப்போடு இறங்கினான். பாரவண்டியில் மரமும் ஆணியும் இருந்தன. நாற்பது பேரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள்.

"தொப்பியைக் கழட்டுங்கடா."

மேய்ச்சலுக்குப் போடுகிற தொப்பியைக் கழற்றினார்கள். சிப்பாய்கள் வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள். அப்போது பிலீனஸ் வீட்டுக்குள்ளிருந்து, வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தலையுமாக வெளியே வந்தார். டில்லியஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"உமக்கென்னய்யா கேடு?"

பிலீனஸ் கதையைச் சொன்னார். முதலில் தடுமாறினார். புயல் என்ற இடம் வந்ததும் பிடித்துக்கொண்டார். பனைமர உயரத்துக்கு அலை எழுப்பினார், பாய்மரத்தை முறித்தார், இரண்டு மாலுமிகளைச் சாகடித்தார். மாலுமி கணக்கு மனேஸ் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற மேய்ப்பர்களில் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

டில்லியஸ் முழுக்க நம்பினான் என்று சொல்ல முடியாது. வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, கண்ணைப் பார்த்து, "நீ யார் ஆளு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பிலீனஸ் எசமான் ஆளு. பிலீனஸ் எசமான் ஆளு. முப்பத்தொன்பது வந்தது. கோத்திஸ் முன்னால் நின்றான். கோத்திஸ் தூரத்தில் மேய்கிற ஆட்டைப் பார்த்தான். மனேஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"பிலீனஸ் எசமான் ஆளு" என்றான் கோத்திஸ்.

மனேஸ் பிடித்த மூச்சை விட்டான். விட்டு முடிப்பதற்குள் டில்லியஸ் அவன் முன்னால் நின்றான்.

"நீ யார் ஆளு?"

மனேஸ் வாயைத் திறந்தான். நாற்பது பேருக்கு நாற்பது தரம் சொல்லிக் கொடுத்த மூன்று சொல். வரவில்லை. நாக்கு இருக்கிறது, பல் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, சொல் மட்டும் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து வரமாட்டேன் என்கிறது. டில்லியஸின் புருவம் ஏறியது. ஒரு சிப்பாய் கிட்டே வந்தான். வரிசையில் நாற்பது பேரும் சிலையாக நின்றார்கள்.

"அவன் ஊமைங்க" என்றாள் ஆமியா, அடுக்களை வாசலிலிருந்து. "பொறந்ததிலேர்ந்து ஊமை. எங்க நாவிதன்."

டில்லியஸின் புருவம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. ஆனால் இது வேறே. "ஊமை நாவிதனா?" என்றான். முகம் மலர்ந்துவிட்டது. "ரோமாபுரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காதே! என்கிட்ட இருக்கிறவன் கத்தியை வைக்கிறதுக்கு முன்னாடியே அவன் மாமியார் கதையை ஆரம்பிச்சிடுவான்." நாற்காலி கொண்டுவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து தாடையை நிமிர்த்தினான்.

மனேஸ் சிரைத்தான். இருபத்தாறு மரம் நட்டவனின் தொண்டை கத்திக்குக் கீழே ஏறி இறங்கியது. ஒரே இழுப்பு போதும் என்று மனேஸுக்குத் தோன்றாமல் இல்லை. சுற்றி எண்பது ஈட்டி இருந்தது, வரிசையில் நாற்பது மொட்டை இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் சிரைத்து முடித்துத் துடைத்துவிட்டான்.

டில்லியஸ் தாடையைத் தடவிப் பார்த்தான். "பிலீனஸ், இவனை எனக்குக் கொடுத்துடும். விலை நீரே சொல்லும்."

பிலீனஸின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தன் முடியை வழித்தவன் கடல்கடந்து தொலையப் போகிறான்! வாயைத் திறந்தேவிட்டார். ஆமியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மனேஸ் ஒன்றும் செய்யவில்லை, எசமானை நேராகப் பார்த்தபடி கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிலீனஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது, இவன் ஊமை இல்லை என்று. இந்த வாய் ரோமாபுரிக்குப் போனால் என்ன ஆகும்? இங்கே இருக்கிறவரை நாற்பது உயிருக்காக மூடியிருக்கும். அங்கே போய் என்றைக்காவது ஒருநாள் திறந்தால், மாவுக்கல் கதை செனட்டர் வீட்டு விருந்துவரை போகும்.

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. "இவன்... விற்கிறதுக்கில்லை. என் தலைக்குப் பழகினவன்."

"எந்தத் தலைக்கு?" என்றான் டில்லியஸ், அந்த முட்டையைப் பார்த்து. இருந்தாலும் வற்புறுத்தவில்லை. இரண்டு பாலாடைக்கட்டி வாங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னான். மரமும் ஆணியும் வந்தபடியே போயின.

படை மேட்டைத் தாண்டி மறைகிறவரை எவனும் அசையவில்லை. பிறகு ஒவ்வொருத்தனாக, கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டுப் பக்கம் போனார்கள். பால் கட்டி நின்ற ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. கோத்திஸ் போகிற போக்கில் மனேஸின் மொட்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

ஆமியா வந்து அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினாள்.

"நாப்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்த வாய்க்கு என்னய்யா வந்துது? மூணு சொல்லு! எல்லாரையும் கொன்னிருப்பியே, பாவி."

மனேஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். எசமானின் நாற்காலிதான், எழுந்திரு என்று சொல்ல எசமான் அங்கே இல்லை.

"வரல ஆமியா. சத்தியமா வேணும்னு செய்யல. நாப்பது பேரும் சொல்லிட்டாங்க. நானும் சொல்லிட்டா, நாம விடுதலையா இருந்தோம்ங்கிறதே பொய்யாப் போயிரும்னு தொண்டை அடைச்சுக்கிச்சு. அந்தப் பன்னெண்டு நாளுக்கு ஒரு ஆளு வேணாமா?"

ஆமியா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் போட்ட ஏழு வெட்டும் அவன் தலையில் காய்ந்து கறுத்திருந்தன.

"அவன் வரிசையில நின்ன ஆம்பளைகளைத்தான் கேட்டான்" என்றாள். "என்னைக் கேக்கவே இல்ல. நானும் சொல்லல."

சொல்லிவிட்டு, கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.